கரன்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

வீட்டில் பவளத் தொட்டி வைக்கப்போகிறேன் என்று சென்னை கொளத்தூரில் ஒரு மீன்கடையில் சொன்னால், பேச்சு மீனிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவரிடம் சொன்னால் விளக்கிலிருந்து தொடங்கும். குழாய் கடைசியில்தான் வரும், அதுவும் செலவுக் கணக்கில் ஒரு வரியாக. இந்த வரிசை தலைகீழானது. விளக்கு சரியில்லையென்றால் அடுத்த வருடம் மாற்றலாம். பம்ப் போதவில்லையென்றால் வேறு வாங்கலாம். கண்ணாடியில் எங்கே துளை, எத்தனை துளை, கீழ்த்தொட்டியில் தடுப்பு எந்த உயரத்தில் என்பதை மட்டும் உப்புத்தண்ணீர் ஊற்றிய பிறகு தொட முடியாது.

ஒரு குழாயமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்து அதை மதிப்பிடுவதில் பயனில்லை. ஓடும்போது எல்லாமே நன்றாகத்தான் ஓடும். இரண்டு நேரங்களில் பார்க்க வேண்டும். ஒன்று, கரன்ட் போன நேரம்: மேலே இருக்கும் தண்ணீர் கீழே இறங்கும். இன்னொன்று, வடிகுழாய் அடைத்துக்கொண்ட நேரம்: கீழே இருக்கும் தண்ணீர் மேலே ஏறும். இரண்டிலும், வீடு பூட்டியிருக்கும்போதுகூட, தரையில் தண்ணீர் வரக் கூடாது. இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறேன். சத்தம், விலை, அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தொட்டி வேண்டும். நம் ஊரில் அதிகம் செய்யப்படும் நாலடித் தொட்டியையே எடுத்துக்கொள்வோம்: நீளம் 120 செ.மீ., அகலம் 60, உயரம் 55. ஏறத்தாழ 400 லிட்டர். கண்ணாடி, கல், அலமாரி எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். அது சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே வேறொரு குடும்பம் குடியிருக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குழாயே வேண்டுமா என்பது. கேலிக் கேள்வி அல்ல. வீட்டுப் பவளத் தொட்டியின் முன்னோடிகளில் ஒருவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். 1961-ல் அவர் எழுதி வெளியிட்ட முறையில் உயிருள்ள கடற்கல், கடல்நீர், காற்றுக்குமிழி, வெயில் ஆகியவைதான் இருந்தன. தண்ணீர் ஏற்றும் பம்ப் இல்லை, கீழ்த்தொட்டி இல்லை, பவளம் வாழ்ந்தது. பின்னால் வந்த பெர்லின் முறையும் அடிப்படையில் அதே கடற்கல்லை நம்பியதுதான். கூடுதலாக, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரைச் சேர்த்துக்கொண்டது. ஆக, ‘சம்ப்’ எனப்படும் கீழ்த்தொட்டி இல்லாவிட்டால் பவளம் பிழைக்காது என்பது உண்மையில்லை. 100 லிட்டருக்குக் குறைவான தொட்டிக்கு நான் சம்ப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

400 லிட்டருக்கு, சென்னை வெயிலில், கணக்கு வேறு. பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். மே மாதத்தில் கூடம் 34 டிகிரியில் இருக்கும். அதனால் சில்லர் வேண்டும். அதற்குள் தண்ணீர் போய்வரக் குழாய் வேண்டும். ஸ்கிம்மர் எங்காவது உட்கார வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவு ஏறிக்கொண்டே போகும். தினமும் நன்னீர் சேர்க்க ஓர் இடம் வேண்டும். இவை அத்தனையையும் காட்சித்தொட்டிக்குள்ளேயே திணித்தால் பார்ப்பதற்கு மீதி ஒன்றும் இருக்காது. சம்ப் வேண்டும். அதை ஒப்புக்கொண்ட கணத்தில், மேலிருந்து கீழே தண்ணீர் வரும் வழிதான் முழுப் பிரச்சினையும்.

துளை போடப் பயந்தவர்கள் பிடித்துக்கொண்ட வழி, தொட்டியின் விளிம்பில் மாட்டும் ஓவர்ஃப்ளோ பெட்டி. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைத்து விளிம்பைத் தாண்டும் ஒரு வளைகுழாய். தண்ணீர் சைஃபனாக வெளியேறும். கரன்ட் போனால் இது பிழைத்துக்கொள்ளும். பெட்டிகளில் தண்ணீர் நிற்பதால் சைஃபன் அறுந்துபோகாது. ஆனால் ஓடும்போதே நீரிலுள்ள சிறு குமிழிகள் வளைவின் உச்சியில் ஒன்றுசேரும். ஓட்டம் மெதுவாக இருந்தால் அவை அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கும். ஒருநாள் சைஃபன் அறும். கீழே பம்புக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். காற்றை உறிஞ்ச இன்னொரு குட்டி பம்ப் மாட்டலாம் என்பார்கள். ஒரு பலவீனத்தை மறைக்க, தானும் பழுதாகக்கூடிய இன்னொரு பொருளை வைப்பது தீர்வாகாது. வாடகை வீடு, ஏற்கெனவே இருக்கும் தொட்டி என்ற நிர்ப்பந்தங்கள் புரிகின்றன. ஆனாலும் கீழ்வீட்டின் கூரைக்கு மேலே இதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

துளைக்கு வருவோம். பயம் பெரும்பாலும் தேவையற்றது. டெம்பர் செய்த கண்ணாடியைத் துளைக்க முடியாது, நொறுங்கிவிடும். ஆயத்தமாக வரும் தொட்டிகளில் சிலவற்றின் அடிக்கண்ணாடி அப்படிப்பட்டது. நம் ஊரில் செய்து வாங்கும் தொட்டிக்குச் சாதாரண கண்ணாடிதான். தொட்டியை ஒட்டுவதற்கு முன்பே பின்கண்ணாடியைக் கண்ணாடிக் கடையில் படுக்கவைத்து, வைரத்தூள் பதித்த வட்ட பிட்டால், மேலே தண்ணீர் விட்டுக்கொண்டே துளைப்பார்கள். துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டத்தளவு இடைவெளி விட வேண்டும். துளையில் பொருத்தும் பல்க்ஹெட்டின் ரப்பர் வாஷர், தலைப்பகுதி இருக்கும் நீர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே சிலிகான் பூசத் தேவையில்லை. கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. ரெஞ்சை எடுத்து முழு பலத்தையும் காட்டினால் ரப்பர் பிதுங்கி வெளியே வரும். அந்த இடத்தில்தான் ஒழுகும்.

எத்தனை துளை? பழைய பதில் ஒன்று. ‘டர்சோ’ என்ற நிலைக்குழாய்: மேலே ஒரு வளைவு, அதன் தலையில் காற்றுக்குச் சிறு ஓட்டை. தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கும். அதனால் குழாயின் கொள்ளளவில் சிறு பங்குதான் வேலை செய்கிறது. ஓட்டையின் அளவு சற்றே பிசகினால், நிரம்பிக் காலியாகும் ஃப்ளஷ் டேங்க்கைப் போல இரவெல்லாம் உறுமும். சத்தத்தை மன்னிக்கலாம். ஒரு நத்தை உள்ளே போனால் மாற்றுவழி இல்லை என்பதை மன்னிக்க முடியாது.

‘ஹெர்பி’ முறையில் இரண்டு குழாய்கள். முதல் குழாய் காற்றே இல்லாத முழு சைஃபன்; அதன் கீழ்முனையருகே ஒரு கேட் வால்வு வைத்து, பம்ப் ஏற்றும் அளவும் இறங்கும் அளவும் சமமாகும் வரை திருகுவார்கள். இரண்டாவது குழாய் சற்று உயரத்தில் காய்ந்தே நிற்கும். முதலாவது அடைத்தால் அது ஏற்கும். ஓசையே இருக்காது. ஆனால் அந்தச் சமநிலை நிலைக்காது. பம்பில் சுண்ணாம்பு படிந்தால் ஏற்றம் குறையும், குழாயில் பாசி படிந்தால் இறக்கம் குறையும். சில வாரங்களுக்கு ஒருமுறை வால்வைத் தொட வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கச் சிலர், கொஞ்சம் நீர் எப்போதும் இரண்டாவது குழாயில் வழியும்படி வைத்துவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் ஆபத்துக்கென்று ஒதுக்கிய குழாயை அன்றாட வேலைக்கு இழுத்துவிட்டார்கள்.

‘பீன் அனிமல்’ முறை இந்த இடத்தில்தான் மூன்றாவது குழாயைச் சேர்க்கிறது. ஒன்று முழு சைஃபன். இன்னொன்று, மிச்சத்தை மட்டும் வாங்கும் திறந்த குழாய். மூன்றாவது, காய்ந்து நிற்கும் அவசரக் குழாய். இதில் சாமர்த்தியமெல்லாம் நடுக்குழாயில் இருக்கிறது. அதன் தலையிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழல் வெளியே வந்து, வாய் கீழ்நோக்கி, இயல்பான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முடியும். முதல் குழாய் அடைத்து மட்டம் உயர்ந்தால் அந்த வாய் மூழ்கும், காற்று நிற்கும், நடுக்குழாயே முழு சைஃபனாக மாறிவிடும். எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, அசையும் பாகமில்லை. தர்க்கமாகப் பார்த்தால் இந்த மூன்றில் இதற்கு இணையில்லை.

ஆனால் இதன் ஆதரவாளர்கள் சொல்வதுபோல இது ‘தோற்கவே தோற்காத’ அமைப்பு அல்ல. மூன்று குழாய்களும், தண்ணீர் வழிந்து வரும் ஒரே சீப்புப் பல் தடுப்புக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஒரு கடல்சாமந்தி நகர்ந்து வந்து அந்தத் தடுப்பை மூடினால், மூன்றென்ன முப்பது குழாய் இருந்தும் பலனில்லை. தடுப்பைப் பின்கண்ணாடியின் முழு நீளத்துக்கும் வைத்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். முழுவதும் போகாது. மீதியை எடுத்துக்கொள்ள வேண்டியது குழாய் அல்ல, கூட்டல் கழித்தல்.

நம் தொட்டியின் பரப்பு 7,200 சதுர செ.மீ. ஒவ்வொரு செ.மீ. உயரமும் 7.2 லிட்டர். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரன்ட் நிற்கிறது என்று வையுங்கள். பம்ப் நின்றதும், கீழிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் குழாயே எதிர்த்திசையில் சைஃபனாகி, தன் வாய் காற்றைத் தொடும்வரை தொட்டியை உறிஞ்சும். வாய் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் இறங்குவது 14 லிட்டர். தடுப்புக்குப் பின்னாலுள்ள பெட்டியிலும் குழாய்களிலும் உள்ளதற்குப் பத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 25. அதே வாய், அடிக்கல்லில் கழிவு தங்காமலிருக்க நல்லதென்று 10 செ.மீ. ஆழத்தில் வைக்கப்பட்டிருந்தால் 82 லிட்டர். கீழே 90 × 40 × 40 அளவில் சம்ப்; 22 செ.மீ. மட்டத்தில் ஓடுகிறது. மேலே மிச்சமிருக்கும் 18 செ.மீ. இடம் 65 லிட்டரைத்தான் ஏற்கும். முதல் அமைப்பில் ஒன்றும் நடக்காது. இரண்டாவதில் 17 லிட்டர் உப்புத்தண்ணீர் கீழ்வீட்டுக்குப் போகும். செக் வால்வு போட்டால் தீர்ந்தது என்று கடையில் சொல்வார்கள். ஒரு மணல்துகள், ஒரு சிறு குழாய்ப்புழு அதன் கதவில் ஒட்டினால் போதும், கதவு மூடாது. வாயை மேலே வைப்பதற்குச் செலவே இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம். வடிகுழாய்கள் எல்லாம் அடைத்துவிட்டன, பம்ப் ஓடுகிறது. மேலே விளிம்புவரை 3 செ.மீ. இடம், அதாவது 21.6 லிட்டர். சம்ப்பில் ரிட்டர்ன் பம்ப் நிற்கும் அறை 25 × 40 என்றால் ஒரு செ.மீ.க்கு ஒரு லிட்டர். 22-லிருந்து 6 செ.மீ. வரை உறிஞ்சினால் 16 லிட்டர் மேலேறும். பிறகு பம்ப் வறண்டு கத்தும். பம்ப் கெடலாம், தரை நனையாது. தடுப்பே இல்லாத, ஒரே அறையாக உள்ள சம்ப் என்றால் 57.6 லிட்டர் ஏறும். மேலே மூன்று குழாய் போட்டுவிட்டுக் கீழே தடுப்பில்லாத தொட்டியை வைப்பவரைவிட, மேலே இரண்டு குழாய் போட்டுக் கீழே இந்தக் கணக்கைச் செய்தவர் பத்திரமாக இருக்கிறார்.

சிறிய அறைக்கு ஒரு விலை உண்டு. ஆவியாகும் தண்ணீரெல்லாம் அந்த அறையின் மட்டத்தில்தான் குறையும். நாளுக்கு 6 லிட்டர் போனால், மூன்று நாள் முடிவதற்குள் பம்ப் வறண்டுவிடும். ஆகவே தானாக நன்னீர் நிரப்பும் மிதவை அவசியமாகிறது. அதுவும் ஒருநாள் சிக்கிக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் தரும் வாளி 20 லிட்டர் என்றால், முழுதும் கொட்டினாலும் உப்பு 35-லிருந்து 33-க்குச் சற்று மேலேதான் நிற்கும். கரன்ட் போன நேரத்து 25 லிட்டரோடு சேர்த்தாலும் சம்ப் தாங்கும். சோம்பலில் ஆர்.ஓ. குழாயையே நேராக மிதவையில் இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாளிக்கு அடி கிடையாது.

ஓட்டத்தின் அளவிலும் ஒரு பழைய நம்பிக்கை விழ வேண்டும். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு சம்ப் வழியாகச் சுழல வேண்டும் என்பார்கள். பவளத்துக்கு வேண்டிய அலையை உள்ளே மாட்டும் வேவ்மேக்கர் தருகிறது. சம்ப் வழியாக நாலு, ஐந்து மடங்கு, அதாவது 1,600 முதல் 2,000 லிட்டர் போதும். பம்ப் பெட்டியில் அச்சிட்டிருப்பது பூஜ்ய உயரத்துக்கான எண் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மேலும், பாறை கட்டும் கடின பவளங்கள் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் கல் எந்தக் கடையில் கிடைத்தாலும் அது தொட்டிக்குள் வரக் கூடாது. செயற்கைக் கல், மீன், மென்பவளம் என்று போகிறவருக்குப் பேரலையே தேவையில்லை. இன்வெர்ட்டர் இருந்தால் ரிட்டர்ன் பம்பை விட்டுவிட்டு வேவ்மேக்கரை அதில் மாட்டுங்கள். கரன்ட் இல்லாத நேரத்தில் மீன் மூச்சுவிட அதுதான் உதவும்.

ஹார்டுவேர் கடை இன்னொரு சோதனை. கேட் வால்வு கேட்டால் முதலில் கையில் வருவது பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். பிளாஸ்டிக் கேட் வால்வுக்கு அலைய வேண்டும், அலையுங்கள். பால் வால்வால் சைஃபனை நுணுக்கமாகச் சமன்செய்ய முடியாது. அடுத்து, நம் வழக்கமான ஓர் இஞ்ச் பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ.; அமெரிக்க அளவில் அதே ஓர் இஞ்ச் குழாய்க்கு 33.4. இறக்குமதி பல்க்ஹெட்டில் உள்ளூர்க் குழாயை நுழைத்தால் ஆடும். பசையை அதிகமாக ஊற்றி அதைச் சரிக்கட்டும் பிளம்பரை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தீர்ப்பு இதுதான். அடுக்ககத்தில், 300 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு, பின்கண்ணாடியில் மூன்று துளை, முழுநீளத் தடுப்பு, பீன் அனிமல். தொட்டி ஒட்டப்படும் முன் மூன்றாவது துளைக்கு ஆகும் கூடுதல் செலவு, ஒரு பல்க்ஹெட்டும் ஒரு துண்டுக் குழாயும்தான். அதை மிச்சப்படுத்த எந்த நியாயமும் இல்லை. தரைத்தளத்தில், 200 லிட்டர் அளவில், வால்வை அவ்வப்போது திருகப் பொறுமை உள்ளவருக்கு ஹெர்பி போதும், ஆனால் இரண்டாவது குழாய் காய்ந்தே நிற்க வேண்டும். டர்சோ ஒற்றைக்குழாயும் விளிம்பில் மாட்டும் பெட்டியும் நான் வைத்த அளவுகோலில் தேறவில்லை. எதைத் தேர்ந்தாலும், உப்பு வாங்கும் முன் வெறும் நன்னீரை ஊற்றி ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துச் சம்ப்பைப் பாருங்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, தடுப்பை முழுநீளத்துக்கும் பாலித்தீன் தாளால் மூடி விளிம்பைப் பாருங்கள். அதில் தேறாத தொட்டியை, எவ்வளவு செலவழித்திருந்தாலும், காலிசெய்து கண்ணாடிக் கடைக்கே திருப்பி அனுப்புவது நல்லது.