கடற்புல்லை அளக்கும் கோல்

கிணத்துக்கடவு சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் உழவரின் திறமையை, அவர் எத்தனை நாற்று நட்டார் என்று கேட்டு யாரும் மதிப்பிடுவதில்லை. எத்தனை வேர் பிடித்தன, எத்தனை கூடை தேறின என்பதே கேள்வி. கடல் எட்டாத ஊரின் இந்த எளிய அளவுகோலைக் கொண்டு, கடற்புல் மீட்புப் பணி நம்மிடையே எழுதப்படும் முறையைச் சற்று ஆராய்வோம்.

முதற்குறை பெயரிலேயே தொடங்குகிறது. கடற்புல்லைக் கடற்பாசி என்று எழுதிவிடுகின்றனர். பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. கடற்புல்லோ வேர், மட்டநிலத்தண்டு, இலை, பூ, விதை ஆகிய யாவும் பெற்ற தாவரம். நீருக்கடியிலேயே மகரந்தச் சேர்க்கை நடத்துவது. ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் முதன்மை உணவும் இதுவே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை அது மேயும். புல் அழிந்தால் ஆவுளியாவும் அழியும்.

பாக் நீரிணைப் பகுதியில் இப்புல்லைக் காக்க உழைத்துவரும் ஆய்வாளருள் ஒருவர், ஓம்கார் அமைப்பைச் சேர்ந்த பாலாஜி வேதராஜன். மூங்கிற் சட்டங்களில் தென்னங்கயிறு கட்டி, அதில் கடற்புல் தண்டுகளைப் பிணைத்துக் கடலடியில் பதிக்கும் முறை அங்கே கையாளப்படுகிறது. புல் வேர் கொள்ளும்வரை அலை அதனைப் பெயர்க்காமல் காப்பது சட்டம். பின்னர் மூங்கிலும் கயிறும் மக்கிவிடும். மக்காத பிளாஸ்டிக்கைக் கடலில் விட்டுவைக்காத இம்முறை பாராட்டுக்குரியது. மீனவரைப் பணியின் பங்காளிகளாக ஆக்கியதும் அவ்வாறே.

ஆனால் இத்தகைய பணியைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் நட்ட ஏக்கரைக் கூறி முடித்துவிடுகின்றன. இது போதாது. உலகெங்கும் செய்யப்பட்ட 1,786 கடற்புல் நடவு முயற்சிகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிழைத்தவை சுமார் 37 விழுக்காடே என மதிப்பிட்டது. சிறு நடவுகளைவிடப் பெரு நடவுகளே தேறின என்பதும் அதன் முடிவு.

மாறாக, அமெரிக்காவின் வர்ஜீனியாக் கடற்கழிகளில் 1999 முதல் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகள் தூவப்பட்டன. 200 எக்டேர் அளவில் விதைத்தது, 2018-க்குள் 3,600 எக்டேருக்கு மேல் பரவியது. ஏன்? 1930-களில் நோயாலும் புயலாலும் புல் அழிந்ததே தவிர, நீர் தெளிவாகவே இருந்தது. குறைவாக இருந்தது விதை மட்டுமே. ஆகவே, நடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, 'இங்கே புல் ஏன் அழிந்தது?' என்பதே.

நம் கடலில் இழுவலை தரையை வாரும் இடத்திலும், கலங்கல் ஒளியை மறைக்கும் இடத்திலும் எத்தனை சட்டம் பதித்தாலும் பயன் சிறிதே. கரையை ஒட்டிய கடற்பகுதியில் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983, விதிக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நட்ட புல்லைக் காட்டிலும், இவ்விரு ஏற்பாடுகளாலும் அழியாமல் தப்பும் புல்லே மிகுதியாக இருக்க இயலும். ஆனால் அழியாத புல்லுக்கு விழா எடுப்பார் இல்லை, புகைப்படமும் இல்லை.

'மழைக்காட்டைவிடப் பன்மடங்கு கரியமில வாயுவைக் கடற்புல் உறிஞ்சுகிறது' என்ற கூற்றையும் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். ஒரே அளவு பரப்பில், மண்ணுள் கரி புதையும் வேகத்தைப் பற்றிய ஒப்பீடு அது. கடலடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே பரவியுள்ள கடற்புல், காடுகளுக்கு மாற்றாகிவிடாது.

இவ்வாறு கூறுவது உழைப்பவரைக் குறைத்து மதிப்பதாகாது. ஓர் ஆய்வாளரின் வாழ்நாட் பணிக்கு நாம் செலுத்தும் மரியாதை, அவர் நட்டதை எண்ணுவதில் இல்லை. ஐந்தாண்டு கழித்துச் சென்று, நின்றதை எண்ணுவதில் இருக்கிறது. இனி இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: முன்பு ஏன் அழிந்தது? அக்காரணம் நீங்கியதா? நட்டதில் எவ்வளவு நிலைத்தது? நம் உழவர் அறிந்த கணக்குத்தான் இது, கடலுக்கும் பொருந்தும்.