காதேசுப் போர்ச் சிற்பங்களின் சான்றுமதிப்பு

எகிப்திய வேந்தன் இரண்டாம் இராம்சேசு, ஹிட்டைட்டு வேந்தன் முவத்தள்ளியோடு ஒரோண்டசு ஆற்றங்கரையிலுள்ள காதேசு நகரருகே ஏறத்தாழக் கி.மு. 1274-இல் பொருதனன். அப்போர் அபு சிம்பல், இலக்சார், கர்னாக்கு, அபிதோசு, இராமெசியம் ஆகிய இடங்களின் கோயிற் சுவர்களில் செதுக்கப்பெற்றுள்ளது. இச்சிற்பங்களை வெறும் அரசப் புகழ்ச்சியென ஒதுக்குவாரும் உளர்; அவை காட்டும் வெற்றியை அவ்வாறே மெய்யெனக் கொள்வாரும் உளர். இவ்விரு கொள்கையும் பொருந்தா என்பது எம் துணிபு.

புகழ்ச்சி உண்டென்பதில் ஐயமில்லை. வேந்தன் உருவம் ஏனையோர் உருவினும் பன்மடங்கு பெரிது. அவன் தேரூர்ந்து அம்பு தொடுக்க, பகைவர் ஒருவர்மேல் ஒருவராய் ஆற்றில் வீழ்கின்றனர். நீரில் மூழ்கி மீண்ட அலெப்போ மன்னனை அவன் வீரர் தலைகீழாகப் பிடித்து, குடித்த நீரை வெளியேற்றும் இராமெசியக் காட்சி நகைச்சுவை பயப்பது.

எனினும், சிற்றுருவங்களை நாம் உற்றுநோக்குதல் வேண்டும். கேடயங்களை வேலியாக நிறுத்திய எகிப்தியப் பாசறையுள் ஹிட்டைட்டுத் தேர்கள் உடைத்துப் புகுகின்றன. பிறிதோரிடத்தே பகையொற்றர் இருவர் கோலால் அடிக்கப்பெறுகின்றனர். பகைவர் அலெப்போவில் உள்ளனர் என்ற பொய்யுரையை வேந்தன் முன்னர் நம்பியிருந்தான்; அவர்கள் காதேசின் பின்னே மறைந்துநிற்பதை இவ்வொற்றர் வாயிலாகவே அறிந்தான். மற்றொரு புறத்தே 'நெயாரின்' என்னும் படையினர் அணிவகுத்து வருகின்றனர். அவர் அமுர்ரு நாட்டினின்று வந்தமையை உடனுள்ள பொறிப்பு உரைக்கின்றது.

இப்போரைப் பாடும் நெடும்பாட்டோ, படைஞர் கைவிட்டகல, அமுன் கடவுள் துணைகொண்டு வேந்தன் தனித்து நின்று வென்றான் என்கின்றது. நெயாரின் படை உற்றுழி உதவிய செயலை அது விரித்துரைப்பதில்லை. பாட்டு மறைத்ததைச் சிற்பம் காட்டுகின்றது. இதற்குக் காரணம் யாதோவெனின், பாட்டிற்குத் தலைவன் ஒருவன் அமையும். சுவரிற் போர்க்களத்தை வரைவார்க்கோ ஆறும் அரணும் பாசறையும் வேண்டும். களம் முழுதும் வரையப்படவே, ஆங்கு நின்ற பிறர்க்கும் இடன் உண்டாயிற்று எனக் கருதுகின்றோம்.

போரின் பயனும் இதனை வலியுறுத்தும். காதேசு எகிப்தியர்க்கு வயமாகவில்லை. ஹட்டூசாவிற் கிடைத்த களிமண் ஏடுகள் வெற்றி ஹிட்டைட்டியரதே என்கின்றன. ஏறத்தாழக் கி.மு. 1259-இல் இராம்சேசும் மூன்றாம் ஹட்டூசிலியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன் எகிப்திய வடிவம் கர்னாக்குச் சுவரிலும் உள்ளது. அக்காதிய மொழிப் படி ஹட்டூசா ஏடுகளிற் கிடைத்தது.

ஆதலின், பேருருவத்தை அரசன் விருப்பத்திற்கும், சிற்றுருவங்களைக் களத்தின் நிகழ்ச்சிக்கும் சான்றாகக் கொள்ளுதலே தக்க நெறியாம்.