மாமையும் மங்கும்

தமிழ் அகமரபில் மேனி வெளிறுதலே நோய். வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டிலே தலைவியின் மாமை அழகை உண்ண முனைவது பசலை. திருக்குறளும் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரத்தை அத்துயருக்கு ஒதுக்கியுள்ளது. பதுளைக் கடைத்தெருவில் விற்பனையாகும் முகப்பூச்சுகளின் மொழியோ இதனைத் தலைகீழாக்கி, கருமையை நோயென்றும் வெண்மையைக் குணமென்றும் கூறுகின்றது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘பெயார் அன்ட் லவ்லி’ 2020இல் தன் பெயரிலிருந்து ‘பெயார்’ என்பதைக் கைவிட்டது. அச்சொல் ஊட்டிய கருத்து அத்துணை எளிதிற் போவதன்று.

இயல்பான நிறத்தையும், மங்கு என வழங்கும் கருந்திட்டையும் ஒன்றாக்கிவிடுவதே இம்மொழி செய்யும் பெருங்கேடு. முன்னையதற்கு மருந்து வேண்டுவதில்லை. பின்னையது தோலில் தோன்றும் ஒரு கோளாறு. வெயில், கருப்பம், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியன அதனைத் தூண்டும். பசறை, நமுனுகுலை, ஹப்புத்தளைத் தோட்டங்களைப் பொறுத்தவரை வெயிலே முதன்மையாக நோக்கற்பாலது. நிலம் 1000 மீற்றர் உயருந்தோறும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் மிகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவது. அக்காலத்துத் தெளிந்த வானமே கொழுந்தெடுக்கும் பெண்களின் கன்னங்களிற் கருமையைப் படிவிப்பதும். தேயிலையின் சுவையைப் புகழ்வோர் பின்னையதைக் கூறார்.

மங்குக்கு மருத்துவர் ஹைட்ரோகுவினோன், அசெலெயிக் அமிலம் முதலிய பூச்சுகளைத் தருவர். ஹைட்ரோகுவினோனை மேற்பார்வையின்றி நெடுநாள் பூசின் தோலில் நீலங்கலந்த கருமை படரக்கூடும். தாமாக வாங்கிப் பூசும் ஸ்டீரொயிட் களிம்பு தோலை மெலியச் செய்யும். பாதரசம் கலந்த பூச்சு இவையனைத்தினும் கொடியது; மெலனின் உருவாவதைத் தடுத்து முதலில் வெளுப்பைக் காட்டும், பின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அத்தகைய பூச்சுகளை ஒழிக்க முனையும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது.

எம்மருந்தின் பயனும் வெயிற்காப்பின்றி நிலையாது. ஆயின், முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை வெயிலைத் தவிர்க்க என்னும் வழக்கமான அறிவுரை, கூரையின்கீழ்ப் பணிபுரிவோரை எண்ணி எழுதப்பட்டதாகும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும் என அஞ்சும் தொழிலாளிக்கு, கூலியை விட்டுவிடு என்பதே அதன் பொருள். அகன்ற விளிம்புத் தொப்பி அணியலாமே எனின், கூடைக்கயிறு தங்குமிடம் அவள் தலையே. தோளில் மாட்டும் கொழுந்துப்பை, அதனோடு பொருந்தும் தொப்பி, மலையில் நண்பகல் ஒதுங்க ஒரு நிழல் என்பனவும் சிகிச்சை முறைகளுள் வைத்து எண்ணப்பட வேண்டியவையே. அவற்றை வழங்க வேண்டியவர் மருத்துவரல்லர், தோட்ட நிர்வாகத்தினர்.