பெப்ரவரி நான்கும் ஆகஸ்ட் பதினைந்தும்: சிறிய ஆலயங்களில் ஏறும் இரு கொடிகள்

இந்தியாவின் சுதந்திர தினம் ஆகஸ்ட் 15 ஆனதற்குக் கண்டியோடு ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கியது. அதன் தளபதி மவுண்ட்பேட்டன். ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்ட் 15 அவருடைய வாழ்வின் பெரிய நாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக ஆட்சியை ஒப்படைக்க நாள் குறிக்க வேண்டி வந்தபோது அந்தத் தேதியையே அவர் எடுத்துக்கொண்டார். அதே நாள் மரியாளின் விண்ணேற்புத் திருநாள் என்பது அவர் எண்ணிப் பார்த்த விஷயமல்ல. ஆனால் தமிழகத்தின் கத்தோலிக்கக் கிராமங்களுக்கு அன்று முதல் இரண்டு பெருநாள்கள் ஒன்றாகிவிட்டன.

இலங்கையில் நடந்தது வேறு. போர்க்காலத்தில் கொழும்புப் பேராயராக இருந்த மேசன் ஆண்டகை, இந்தத் தீவு அழிவிலிருந்து தப்பினால் அன்னைக்கு ஒரு பேராலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். 1942 உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. ஆனாலும் பர்மாவும் மலாயாவும் பட்ட பாட்டை இலங்கை படவில்லை. அந்த நேர்த்தியின் பயனாக எழுந்ததுதான் தேவத்தையிலுள்ள இலங்கை அன்னை பேராலயம். இலங்கை அன்னையின் திருநாளைத் திருச்சபை நாட்டின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 இல் வைத்தது. இந்தியாவில் நாட்டின் நாள் திருநாளின் மேல் தற்செயலாக வந்து விழுந்தது. இங்கே திருநாளை நாட்டின் நாளிலேயே அறிந்தே கொண்டுவந்து வைத்தார்கள். இரு கரைகளிலும் சிறிய ஆலயங்கள் அந்த நாளைக் கொண்டாடும் முறையில் இந்த வேற்றுமையின் சாயல் இன்றுவரை இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டின் சிறு பங்கு ஒன்றில் ஆகஸ்ட் 15 காலை எப்படி இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். பூசை முடிந்ததும் எல்லோரும் முற்றத்துக்கு வருவார்கள். மடித்துக் கட்டிய கொடிக்குள் பூவிதழ்களை வைத்திருப்பார்கள். கயிற்றை இழுத்தால் பூ உதிரும். பங்குத் தந்தை ஏற்றுவார், அல்லது ஊரில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் இருந்தால் அவரை அழைப்பார்கள். பிள்ளைகளின் சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி, கையில் மிட்டாய். அரசு இதைச் செய்யச் சொல்லவில்லை. செங்கோட்டை விழாவில் எந்த மதத்தின் வழிபாடும் இல்லை. ஊர்மக்கள் தாமே விரும்பிச் செய்வதால் அந்த மகிழ்ச்சிக்கு ஒரு தடையின்மை வாய்த்திருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபைகளிலும் அப்படியே. தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் பிறந்தது 1947 செப்டம்பர் 27 இல், சுதந்திரம் வந்து ஆறு வாரங்களில். அந்தத் திருச்சபைக்கும் நாட்டுக்கும் ஒரே வயது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆதீனமும் அதற்கு உண்டு.

இனி இலங்கையின் குண்டசாலைக்கு வருவோம். கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில், மகாவலி வளைந்து ஓடும் பக்கம். திகன, மெனிக்கின்ன என்று சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், முஸ்லிம் கடைத்தெருக்கள், அங்கங்கே தோட்ட லயன்கள். கிறிஸ்தவர்கள் இங்கே சிறு தொகையினர். ஒரே கூரைக்குள் சிங்களவரும் தமிழரும் இருப்பார்கள். ஒரு வாசகம் சிங்களத்தில், ஒரு பாட்டு தமிழில் என்று வழிபாடு போகும். பெப்ரவரி 4 அன்றோ அதை ஒட்டிய ஞாயிறிலோ நாட்டுக்காக மன்றாட்டு உண்டு. குத்துவிளக்கு ஏற்றுவார்கள், சிங்கக்கொடி ஏறும், பாற்சோறும் பிளேன்டீயும் பகிர்வார்கள். கொழும்பில் அன்று அரசே நான்கு மதங்களுக்கும் வழிபாடு ஒழுங்குசெய்கிறது. விகாரை, கோவில், பள்ளிவாசல், ஆலயம் எல்லாம் அரச நிகழ்ச்சிநிரலில் இருக்கும். இடம் கொடுக்கப்படுகிறது, நல்லதுதான். ஆனால் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் யாப்பின் கீழ் கிடைக்கும் இடம் அது. அதனால் இங்கே அந்த நாளின் தொனி கொண்டாட்டத்தைவிட மன்றாட்டாகவே இருக்கிறது.

அதற்கு இன்னும் பழைய காரணமும் உண்டு. கண்டி இராச்சியத்தில் கத்தோலிக்கச் சபையை மீண்டும் உயிர்ப்பித்தவர் ஓர் இந்தியர், கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ். 1692 இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். 1697 இல் பெரியம்மை பரவி, ஊரார் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது அவரும் உடனிருந்த குருவும் நின்று பணிசெய்தார்கள். அரசனின் மதிப்பு அதன் பிறகு உறுதியானது. 1711 இல் அவர் கண்டியில் இறந்தபோது அரியணையில் இருந்தவர் நரேந்திரசிங்கன். குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்ததால் அந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்ட மன்னன். அந்நியர் மதம் என்ற சந்தேகத்துக்கு இந்த மண்ணின் சபை கொடுத்த முதல் பதில் கொள்ளைநோய்க் காலத்துப் பணிவிடை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் காலிமுகத் திடலில் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்தபோது நாடே அதைப் பார்த்தது.

கடினமான காலங்களுக்குக் குண்டசாலைப் பக்கம் குறைவில்லை. 2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாடு முழுவதும் அவசரகால நிலை வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 21 இல் ஆலயங்களிலேயே குண்டு வெடித்தது. பிறகு கொரோனா. 2022 இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த நிலையில் 2023 இல் 75 ஆவது சுதந்திர தினம் வந்தது. விழாவுக்கு 20 கோடி ரூபா செலவு என்றதும் கோபம் எழுந்தது. கொழும்பு விழாவுக்கு வரமாட்டோம் என்று கிறிஸ்தவக் குருமார் மட்டுமல்ல, பிக்குமார் பலரும் அறிவித்தார்கள்.

விழாவை மறுப்பது நாட்டை மறுப்பது ஆகாது என்று அவர்கள் அன்று துணிந்து சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். அணிவகுப்பைப் புறக்கணிக்கலாம், நாட்டுக்கான மன்றாட்டைப் புறக்கணிக்க ஒரு சபையால் முடியாது. சிறிய ஆலயத்துக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே விளங்குகிறது, ஏனென்றால் அதனிடம் அணிவகுப்பு இல்லை. வரிசையில் நின்று களைத்தவரும் வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்கு அலைபவரும்தான் அதன் வாங்குகளில் இருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இதற்கு ஒப்பான ஒரு நாள் உண்டு. 2020 ஜனவரி 26, குடியரசு தினம். கேரளத்தின் லத்தீன் கத்தோலிக்க ஆலயங்களில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கண்டித்த சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. கொடியையும் யாப்பையும் கையில் வைத்துக்கொண்டே அரசிடம் கேள்வி கேட்கலாம் என்று காட்டிய நாள் அது. அந்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றியது. தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டுகளாக இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் அதில் இல்லை.

தேசிய கீதத்தில் இரு நாட்டுக்கும் உள்ள வேறுபாடு கூர்மையானது. தாகூரின் பாட்டு வங்காளச் சாயல் கொண்டது. திருநெல்வேலியிலோ திருச்சியிலோ யாருக்கும் அது தாய்மொழியல்ல. எல்லோரும் ஒரே தூரத்தில் நின்று பாடுகிறார்கள். அதனால் ஆலய முற்றத்தில் அது ஒருவரையும் பிரிப்பதில்லை. இலங்கையின் கீதத்தை ஆக்கிய ஆனந்த சமரக்கோனும் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். ஆனால் இங்கே ஒரே மெட்டில் இரு மொழிகள். யாப்பின் தமிழ்ப் பிரதியில் தமிழ்க் கீதமும் அச்சாகியிருக்கிறது. 2016 இல் அரச சுதந்திர விழாவில் அது தமிழில் பாடப்பட்டபோது பலர் கண்ணீர் விட்டார்கள். 2020 இல் நிறுத்தினார்கள். கொழும்பு மேடை ஆட்சிக்கு ஆட்சி மாறட்டும். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வழிபடும் மலையகத்துச் சிறு ஆலயம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரு மொழியிலும் வாசகம் படிக்கத் தெரிந்த சபைக்கு இரு மொழியிலும் கீதம் பாடுவது கடினமல்ல. கொடியும் அப்படித்தான்: கண்டி மன்னரின் சிங்கக்கொடியோடு 1951 இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமாக இரு பட்டைகள் சேர்க்கப்பட்டன. அவை சிங்கம் இருக்கும் கட்டத்துக்கு வெளியே இருக்கின்றன என்ற குறை அன்றே எழுந்தது. திகன எரிந்த பகுதியில் அந்தக் கொடியை ஏற்றும்போது முஸ்லிம்களுக்கான பச்சைப் பட்டையையும் நினைத்து மன்றாடுவது ஒரு குருவானவரின் கடமை என்று நினைக்கிறேன்.

இந்த இரு நாட்டுத் திருச்சபைகளும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துக் குருக்களை உருவாக்கிய பாப்பரசர் குருமடம் 1893 இல் கண்டி அம்பிட்டியவில்தான் தொடங்கியது. 1955 இல் பூனாவுக்குப் போனது. இந்தியா விடுதலையடைந்த நாளில் அதன் எதிர்காலக் குருக்கள் பலர் கண்டி மலையில் படித்துக்கொண்டிருந்தார்கள். கண்டி அடங்கும் குருநாகல் ஆங்கிலிக்கன் ஆதீனத்தின் முதல் ஆயர் லக்தாச டி மெல், பிறகு கல்கத்தாவில் தலைமைப் பேராயரானார்.

ஆனால் ஆயர்களைவிட அதிகம் இணைத்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். 1850களில் கோப்பித் தோட்டங்களின் தமிழருக்காகத் தொடங்கிய மிஷன், உபதேசியார்களைத் திருநெல்வேலியிலிருந்துதான் வரவழைத்தது. அந்தச் சபைகளின் மக்கள் 1948 பெப்ரவரியில் மற்றவர்களோடு சேர்ந்தே சுதந்திரத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 வரை ஆனது.

அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர் பக்கம், அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் ‘சிலோன்காரர்’. அங்குள்ள சிறு ஆலயங்களில் ஆகஸ்ட் 15 காலையில் கொடி ஏறும்போது நிற்பவர்களில் கண்டித் தோட்டங்களில் பிறந்து பெப்ரவரி 4 ஐப் பார்த்தவர்களும் உண்டு. அண்ணன் குடும்பம் இங்கே, தம்பி குடும்பம் அங்கே. குண்டசாலையில் நாட்டுக்காக வாசிக்கும் மன்றாட்டில் அந்தத் தம்பி குடும்பத்தையும், கோத்தகிரியில் வாசிப்பதில் முகாம்களில் இருப்பவர்களையும் ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. வரும் பெப்ரவரியிலேயே தொடங்கலாம்.