கடல் கடந்த கிதாபுகள்: கீழக்கரை ஆலிம்களும் இலங்கையின் மார்க்கக் கல்வியும்

தமிழகக் கரையிலிருந்து இலங்கைக்கும் மலாய் நாடுகளுக்கும் இஸ்லாத்தைக் கொண்டுசென்றவர்கள் மரக்காயர் வணிகர்களே என்றும், மார்க்கத்தை முறையாகக் கற்பிக்கும் பணி சீர்திருத்தக்காரர்களின் காலத்தில்தான் தொடங்கியது என்றும் கூறும் போக்கு அண்மைக்கால ஆய்வுகளில் ஏறக்குறைய வாய்பாடாகிவிட்டது. இதன் முற்பாதி அரை உண்மை. பிற்பாதி முழுப் பிழை. வணிகர்கள் மரக்கலமும் பள்ளிவாசலுக்கு நிலமும் தந்தார்கள் என்பது உண்மைதான் என்றாலும், தொழுகையின் நிபந்தனைகளையும் நோன்பின் சட்டங்களையும் வரிவரியாக ஓதிக்கொடுத்தவர்கள் அந்த மரக்கலங்களில் உடன் சென்ற ஆலிம்கள், அதாவது மார்க்கக் கல்வியை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர்கள்.

இந்த மரபின் தொடக்கக் கட்டங்கள் தமிழ் வாசகர் அறிந்தவையே. நபிகள் நாயகத்திடம் அப்துல்லா இப்னு சலாம் கேட்ட கேள்விகளைப் பாடும் ஆயிரமசலா 1572இல் அரங்கேறியது. அதே நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஜைனுத்தீன் மக்தூம் எழுதிய ஷாஃபிஈ சட்ட நூலுக்கு, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஜாவாவைச் சேர்ந்த நவவி பந்தனீ விரிவுரை எழுதினார். நான்கு சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபே சோழமண்டலக் கரை, மலபார், இலங்கை, மலாய் நாடுகள் அனைத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் இணைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காயல்பட்டினத்தின் சதக்கத்துல்லா அப்பா (1632-1703) அந்தப் பாடத்திட்டத்தின் பேராசான்.

ஆனால் மரபு முழு வீச்சோடு வெளிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாகிபு அப்துல் காதிரிடம் கற்று, அவர் மகளை மணந்ததால் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அழைக்கப்பட்ட செய்யிது முகம்மது ஆலிம், 1898இல் மறையும்வரை இலங்கையைத் தம் இன்னொரு வகுப்பறையாகவே கொண்டிருந்தார். அங்கே திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றுக்கான முஸ்லிம் சட்டங்களை ஆங்கில அரசு 1806லேயே தொகுத்திருந்தது. உளூ என்னும் தொழுகைக்கு முந்தைய தூய்மையும் தொழுகையும் ஜகாத் என்னும் கட்டாயக் கொடையும் எந்த அரசின் சட்டப் புத்தகத்திலும் அடங்காதவை என்பதால், அவற்றைக் கற்பிக்கும் பொறுப்பு ஆலிம்களின் தோளிலேயே இருந்தது. ஊரூராகப் பள்ளிவாசல்களும் குர்ஆன் மத்ரசாக்களும் எழுந்தன. வெலிகமையில் 1884இல் தொடங்கிய மத்ரசதுல் பாரி அவருடைய முயற்சியோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. அவர் இயற்றிய ராத்திபு ஜலாலிய்யா என்னும் திக்ரு, அதாவது கூட்டாக அமர்ந்து ஓதும் இறைநினைவு, இரு கரைகளிலும் இன்றும் ஒலிக்கிறது.

அவருடைய சாதனைகளுள் தலையாயது, கொள்கையையும் சட்டத்தையும் ஒருங்கே விளக்கும் ஃபத்ஹுத் தய்யான் என்னும் அரபுத்தமிழ் நூல். தமிழை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகள் கூட்டிய சில எழுத்துகளையும் சேர்த்து எழுதும் முறையே அரபுத்தமிழ். குர்ஆன் ஓதுவதற்காகச் சிறு வயதில் அரபு எழுத்தை அறிந்திருந்தும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்திராத பெண்கள், ஆலிமின் துணையின்றித் தாங்களே சட்டநூலைப் படிக்க இந்த எழுத்துமுறை வழிசெய்தது. ஒவ்வொருவர்மீதும் தனித்தனியே கடமையான அறிவை மார்க்கம் ஃபர்ளு ஐன் என்றும், சமூகத்தில் சிலர் நிறைவேற்றினால் போதுமான கடமையை ஃபர்ளு கிஃபாயா என்றும் பிரிக்கிறது. பேரறிஞராவது இரண்டாவது வகையைச் சேர்ந்தது; முதல் வகை அறிவை வீட்டுத் திண்ணைக்கும் அடுக்களைக்கும் கொண்டுசேர்த்த பெருமை இந்த நூல்களுடையது. இதைத் தேங்கிப்போன பழமை என்று ஒதுக்குவது பெரும் அநீதி.

இலங்கை முஸ்லிம்களின் விழிப்பை அறிஞர் சித்திலெவ்வையிலிருந்தும் 1882இல் அவர் தொடங்கிய முஸ்லிம் நேசன் இதழிலிருந்தும் கணக்கிடுவோர், ஆலிம்களை அந்த விழிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்துகிறார்கள். நவீனப் பள்ளிகளுக்காகப் போராடிய அதே சித்திலெவ்வை அஸ்ராருல் ஆலம் என்னும் ஞானநூலையும் எழுதினார் என்பது அவர்களுடைய கணக்கில் ஏறுவதில்லை. எழுத்தறிந்த ஒரு சமூகத்தை ஆலிம்கள் முன்பே உருவாக்கியிராவிட்டால், அவருடைய பத்திரிகையை யார் படித்திருப்பார்கள்?

இருபதாம் நூற்றாண்டில் பயணத்தின் நோக்கம் மாறியது. 1920களின் தொடக்கத்தில் தமிழ் இதழாளர் பா. தாவூத்ஷா இங்கிலாந்தின் வோக்கிங் பள்ளிவாசலை மையமாகக் கொண்ட இஸ்லாமியப் பிரசாரத்தில் ஈடுபட்டுத் திரும்பித் தாருல் இஸ்லாம் இதழால் தமிழுரைநடைக்கு வலுச்சேர்த்தார். அந்தத் தொண்டு மதிக்கத்தக்கது. ஆயினும் பிறரை நம்பவைக்கும் பேச்சும் நம்பியவருக்குக் கற்பிக்கும் பாடமும் வேறுவேறானவை. பின்வந்தோர் முன்னதையே பெரிதும் பின்பற்றினார்கள். மத்ரசாக்களில் உருது வழியாகக் கிதாபுகளை, அதாவது மார்க்க நூல்களை, விளக்கும் முறை பரவியது; 1961இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் கற்றுத் திரும்பியோர் மத்ஹபுக் கட்டுப்பாட்டையே கேள்விக்குள்ளாக்கினார்கள். இந்த இரு போக்குகளும் தம்முள் முரண்பட்டாலும், அரபுத்தமிழை மறதிக்குள் தள்ளுவதில் ஒன்றுபட்டன. மாதக்கணக்கில் ஒரு கிதாபை ஓதி முடிக்கும் ஆசிரியரின் இடத்தை, ஓரிரவு மேடையில் முழங்கிவிட்டு அடுத்த நாட்டுக்கு விமானமேறும் சொற்பொழிவாளர் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சிலர் மார்க்க விளக்கம் பெற்றுத் தம் மக்களிடம் திரும்பி எச்சரிக்க வேண்டும் என்று தவ்பா அத்தியாயத்தின் 122ஆம் வசனம் பணிப்பதில், கற்றலும் பயணமும் கற்பித்தலும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை மீட்க விரும்பும் மத்ரசாக்கள் ஃபத்ஹுத் தய்யானைப் பாடத்திட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். 1993இல் தைக்கா ஷுஐபு ஆலிம் வெளியிட்ட பெருநூல் இம்மரபின் பெயர்களையும் நூல்களையும் அன்போடு திரட்டித் தந்திருப்பதால், அடுத்த தலைமுறை செய்யவேண்டியது புகழுரை அன்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையின் தென்கரையிலும் குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கும் ஏடுகளையும் கல்லச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டு, அரபுத்தமிழ் மூலத்தையும் தமிழ் எழுத்து வடிவத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடும் வேலைதான்.