தோல்விக்குக் காரணம்: திரைப்போர் விளையாட்டு மரபுகள் இரண்டன் ஒப்பீடு

ஒரு கலையை மதிப்பிடப் புகுவோர் முதற்கண் அறியவேண்டுவது, அக்கலையிற் பயின்றோர் எதனைப் பெரிதாகப் போற்றுகின்றனர் என்பதாகும். மன்னார் மாதோட்டப் பகுதியின் நாட்டுக்கூத்து வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்படும். ஒரு பாங்கிற் பழகிய செவிக்கு மற்றைய பாங்கு குறையுடையதாகத் தோன்றுதல் இயல்பு. அவ்வப் பாங்கின் அண்ணாவிமார் எதனைச் சிறப்பென்று கொள்வர் என அறிந்த பின்னரே நம் தீர்ப்பு நடுநிலை உடையதாகும்.

‘வீடியோ கேம்’ என வழங்கும் திரைவிளையாட்டுக்களுக்கும் இவ்விதி பொருந்தும். நம் மாணவர் பலர் அவற்றில் ஈடுபட்டுள்ளனர். ஆசிரியராகிய நாமோ அவற்றை ‘அடிதடி’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றோம். போர்விளையாட்டு வகையில் நெடுங்காலம் எதிரெதிர் நின்ற யப்பானிய வரிசைகள் இரண்டினை எடுத்துக்கொண்டு, போட்டியில் இறங்கி ஆடுவோர் அவற்றில் எதனை மதிக்கின்றனர் என ஈண்டு ஆராய்வாம்.

இவ்விரண்டனுள் முதலாவது, கப்கொம் நிறுவனத்தாரின் ‘ஸ்ட்ரீற் பைற்றர்’. இது 1987இல் தோன்றி, 1991இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தால் உலகப்புகழ் பெற்றது. மற்றையது, நம்கோ நிறுவனத்தார் 1994இல் வெளியிட்ட ‘தெக்கென்’. ‘இரும்பு முட்டி’ என்பது அப்பெயரின் பொருள். இரண்டிலும் வீரர் இருவர் எதிர்நிற்பர். ஒவ்வொருவர் உயிர்வலியையும் திரையின் மேலே ஒரு கோடு காட்டும். அக்கோடு முற்றும் தேய்ந்தவன் தோற்றவனாவான். தொல்காப்பியர் புறத்திணையில், ஆநிரை கவர்தலை வெட்சியென்றும், மண்ணாசையால் எழும் படையெடுப்பை வஞ்சியென்றும், வலிமையை நிலைநாட்டலே நோக்கமாகப் பொருதலைத் தும்பையென்றும் பகுத்தனர். ஆநிரையும் மண்ணும் இன்றி ஆற்றல் ஒன்றையே அளக்கும் இவ்விளையாட்டுக்கள் தும்பையின் பாற்படும் எனலாம்.

இரு வரிசைகளின் வேற்றுமை கைவிசையிலேயே தொடங்குகின்றது. ஸ்ட்ரீற் பைற்றரில் விசைகள் ஆறு: குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. மென்மை, நடுத்தரம், வன்மை என்பன அம்மூன்றின் பகுப்பு. அஃதாவது, ‘எவ்வளவு வலிமையோடு அடிப்பாய்?’ என்பதே அவ்விளையாட்டின் வினா. தெக்கெனில் விசைகள் நான்கு: இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். ‘எவ்வுறுப்பால் அடிப்பாய்?’ என்பது இதன் வினா. இவ்வொரு வேற்றுமையினின்றே பிறவெல்லாம் கிளைக்கின்றன.

ஸ்ட்ரீற் பைற்றர் ஒரே கோட்டில், முன்னும் பின்னுமாக நடைபெறும் போர். ஆதலின் இடைவெளியை ஆள்வதே அதன் உயிர்நிலை. ஒருவன் தொலைவினின்று ஒளிக்குண்டொன்றை எறிகின்றான். எதிரி அதனைத் தாண்டிப் பாய்ந்தால், மேல்நோக்கிய குத்தொன்றினால் வீழ்த்தப்படுவான். பாயாது நின்றால், சிறிது சிறிதாக நெருக்கப்படுவான். எறிந்தவனோ, எதிரி பாயும் கணத்தைத் தவறாகக் கணித்தால் தானே அடிபடுவான். இந்த எளிய முக்கோணத்தின் மீதே முப்பதாண்டுக்கு மேற்பட்ட நுட்பங்கள் கட்டப்பட்டுள்ளன. 1991ஆம் ஆண்டுப் பாகத்தில் தல்சிம் என்னும் இந்திய யோகி ஒருவன் தோன்றுகின்றான். கபாலமாலை அணிந்து, கைகால்களை நெடுந்தூரம் நீட்டி, வாயினால் நெருப்பை உமிழும் அவன் உருவம் யோகநெறி அறிந்தார்க்கு உவப்பன்று. அக்குறையை மறைத்தல் வேண்டா. ஆயினும் பயின்ற ஆட்டக்காரன் காண்பது அவ்வுருவத்தை அன்று. எதிரியை அணுகவிடாது தடுக்கும் நீண்ட எல்லையொன்றையே அவன் காண்கின்றான்.

தெக்கெனோ ஆழமுடைய களம். வீரன் பக்கவாட்டில் விலகலாம். விலகினால் நேராக வரும் அடி வறிதே போகும். அகன்று வீசும் அடி விலகியவனையும் பற்றும். இங்கே இடைவெளியினும் அறிவே பெரும்படை. 2024இல் வெளிவந்த எட்டாம் பாகம் 32 வீரர்களோடு தொடங்கியது. ஒவ்வொருவர்க்கும் நூற்றுக்கு மேற்பட்ட அடிமுறைகள் உண்டெனக் கொள்ளின், அறியவேண்டியவை மூவாயிரத்துக்கு மேலாகும். திரை ஒரு நொடியில் 60 முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் சட்டகம் என்பாம். ஓர் அடி தடுக்கப்பட்டபின், தடுத்தவனுக்குப் பத்துச் சட்டகங்கள் பிந்தியே அடித்தவன் மீண்டும் இயங்கமுடியுமாயின், பத்துச் சட்டகத்தில் எட்டும் விரைவான குத்து அவனைத் தவறாது தாக்கும். எவ்வடிக்குப் பின் எத்துணைச் சட்டகம் என்பதை நூல்போல் ஓதி வைத்திருப்பவனே இதில் வல்லவன். முன்னையது பொறுமையைச் சோதிப்பது. பின்னையது கல்வியைச் சோதிப்பது.

இவ்வாறு வேறுபட்ட இரண்டிலும் தேர்ந்த ஆட்டக்காரர் போற்றும் பண்பு ஒன்றே. தோல்விக்குக் காரணம் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. ‘நான் ஏன் தோற்றேன்?’ என்னும் வினாவுக்கு நேர்மையான விடை அளிக்கும் விளையாட்டை அவர்கள் ஆண்டாண்டாக ஆடுவர். அளிக்காததை விரைவிற் கைவிடுவர். குருதியும் ஆரவாரமும் காண்போரைக் கவர்வன. 1992இல் வந்த ‘மோர்ட்டல் கொம்பற்’ குருதிக்காட்சிகளால் ஐக்கிய அமெரிக்க மேலவையில் 1993இல் விசாரணையையே எழுப்பியது. ஆயின் போட்டிக்களத்தில் ஆடுவோன் நாடுவது குருதியை அன்று, சமநிலையையே.

இதற்குச் சான்றாக 2004இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஈவோ போட்டியைக் காட்டலாம். யப்பானியரான தைகோ உமெகாராவும் அமெரிக்கரான யஸ்ரின் வொங்கும் ஸ்ட்ரீற் பைற்றர் மூன்றாம் பாகத்திற் பொருதனர். உமெகாராவின் உயிர்க்கோடு நூலளவே எஞ்சியிருந்தது. அவ்விளையாட்டில் பேரடியொன்றைத் தடுத்தாலும் சிறிது உயிர் தேயும். ஆதலின் தடுப்பினும் சாவு உறுதி. வொங் தொடர் உதையை ஏவினார். உமெகாரா பின்வாங்கிலர், ஒவ்வோர் உதையும் வந்து படும் கணத்திற் கைப்பிடியை எதிரியை நோக்கித் தள்ளி, பதினைந்தனையும் ஏற்று விலக்கி, மறுதாக்கினால் அவ்வாட்டத்தை வென்றார். இறுதிப்போட்டியில் அவரே தோற்றார் என்பது கருதத்தக்கது. வாகை சூடியவரினும் அக்காட்சி நினைக்கப்படுவது ஏன்? அதில் தற்செயல் என்பது சிறிதும் இல்லை. ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் உண்டு.

இவ்வளவுகோலைக் கொண்டு இரு வரிசைகளின் அண்மைப் பாகங்களையும் நிறுத்துப் பார்ப்பாம். 2023இல் வந்த ஸ்ட்ரீற் பைற்றர் ஆறாம் பாகம், அரிய அடிகளை ஒரே விசையால் எளிதில் ஏவும் புதுமுறையொன்றைத் தந்தது. பழையோர் சிலர் இதனைக் குறுக்குவழி எனக் கடிந்தனர். ஆயின் அவ்வாறு ஏவும் அடியின் வலிமை ஐந்திலொன்று குறையும் என்பதும் விதியில் வெளிப்படையாக உள்ளது. விலை கூறி விற்கப்படும் பொருளில் வஞ்சனை இல்லை. தெக்கென் எட்டாம் பாகமோ தாக்குவோனுக்கே தொடக்கமுதல் பெருஞ்சலுகை வழங்கியது. 2025 சித்திரையில் வந்த திருத்தம் அதனை மேலும் மிகுவித்தபோது ஆட்டக்காரர் பெருங்கண்டனம் எழுப்ப, ஆக்கியோர் மீண்டும் திருத்த நேர்ந்தது. தாம் அடிபட்டமையை அவர்கள் நோகவில்லை. சரியாகத் தடுத்தவனும் மீண்டும் ஊகிக்கவே வேண்டியிருப்பின், கற்றதனால் ஆய பயன் என்ன என்றே கேட்டனர். தோற்ற ஆட்டத்தை மீள ஓட்டி, ‘இவ்விடத்து இவ்வாறு தாக்கியிருக்கலாம்’ எனக் காட்டும் சிறந்த ஏற்பாடு அதே எட்டாம் பாகத்தில் உண்டு. ஒருகை கற்பிக்க, மறுகை கற்றதைப் பயனிலதாக்கியது. ஆதலின், கற்கும் ஆழத்தில் தெக்கென் குறைந்ததன்றாயினும், தோல்வியின் காரணத்தைத் தெளிவாகக் காட்டுதலில் ஸ்ட்ரீற் பைற்றரே ஒருபடி மேல் என்பது எம் துணிபு.

இவ்வளவுகோல் விளையாட்டுக்குப் புறத்தேயும் செல்லும். இணையவழி ஆடுவார்க்குத் தூரமும் ஓர் எதிரி. கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் செல்லும். மன்னார்த் தீவினின்று தோக்கியோ 6,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. நேர்கோட்டில் இழை இருப்பினும் ஒருவழிப் பயணமே இரண்டு சட்டகங்களை விழுங்கும். மூன்று நான்கு சட்டகங்களில் முடியும் குத்துக்கு இது சிறிய இழப்பன்று. செய்தி வருமுன் எதிரியின் செயலை ஊகித்து, ஊகம் பிழைப்பின் பின்சென்று திருத்தும் கணினிமுறை, ஈவோ நிறுவுநருள் ஒருவரான ரொனி கனன் 2006ஆம் ஆண்டளவில் அமைத்த வழியாற் பரவியது. அது தூரத்தை ஒழிக்காது. ஆயினும் அதனாலாகும் அநீதியைக் குறைக்கும்.

தூரத்தினும் கொடியது கடவுச்சீட்டின் எல்லை. 2019இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் அஷ், நுழைவு அனுமதி பெறுதலில் இடர்ப்பட்டு யப்பான் சென்று, புக்குவோக்கா நகரில் ஈவோ யப்பான் தெக்கென் பட்டத்தை வென்றார். அவ்வாண்டே லாஸ் வேகாசில் கொரியாவின் ‘நீ’ என்பாரை வீழ்த்தி இரண்டாம் முறையும் வாகை சூடினார். பாகிஸ்தானில் தமக்கு நிகரானோர் பலர் உளர் என அவர் கூறியபோதே, தாம் அறியாத ஒரு கல்விக்கழகம் அங்கே இயங்கியமையை உலகம் உணர்ந்தது. அங்குள்ளோர் அதுகாறும் பட்டம் பெறாமைக்குக் காரணம் திறனின்மை அன்று, களத்தை அடையமுடியாமையே. அஃது ஆட்டத்தினுள் தேடினால் அகப்படாத காரணம்.

இளைஞன் ஒருவன் இரவெல்லாம் திரைமுன் அமர்தலை யாம் ஆதரிக்கவில்லை. உறக்கமும் பாடமும் அவற்றிற்குரிய இடத்தைப் பெறல் வேண்டும். ஆயினும் தோற்றபின் விதியையும் எதிரியையும் பழியாது, தான் பிழைத்த இடத்தைத் தேடும் பழக்கம் எங்கே கைவரினும் நன்றேயாம். பரீட்சையில் தவறிய மாணவனுக்கு விடைத்தாளைத் திருப்பித் தந்து, எவ்விடத்துப் பிழைத்தான் எனக் காட்டாது, புள்ளியை மட்டும் அறிவிக்கும் பள்ளியினும், தோல்வியின் காரணத்தைக் காட்டும் விளையாட்டு ஒருவகையில் நல்ல ஆசானே. மாணவர் இவ்விளையாட்டுக்களில் எதிர்பார்க்கும் அந்நேர்மையை நம் வகுப்பறையிலும் எதிர்பார்ப்பார்களாயின், அதற்கு விடையளிக்கும் பொறுப்பு நம்முடையது.