முடிவுறாக் கதைகள்: கே. பாலசந்தரின் மேடை, திரை, தொலைக்காட்சித் தொடர்

முன்னுரை

நாடக ஆசிரியர், திரைப்பட உரையாடல் ஆசிரியர், இயக்குநர், தயாரிப்பாளர், தொலைக்காட்சித் தொடர்களின் படைப்பாளர் எனப் பல நிலைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இயங்கியவர் கே. பாலசந்தர் (1930–2014). அவரைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. குடும்ப ஒழுக்கத்தின் எல்லைகளை மீறியவர் என்பது ஒன்று. மீறுவதுபோல் தொடங்கி இறுதியில் மரபிடமே சரணடைந்தவர் என்பது மற்றொன்று. இரு தரப்பினரும் அவருடைய கதைகளின் முடிவையே சான்றாகக் காட்டுகின்றனர். ஆனால், அவருடைய சிறந்த கதைகள் உண்மையில் முடிகின்றனவா என்னும் வினா அதற்கு முன்னரே எழுப்பப்பட வேண்டியதாகும். மேடை, திரை, தொலைக்காட்சி ஆகிய மூன்றிலும் ‘முடிவு’ என்பது ஒரே பொருளுடையது அன்று. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு பாலசந்தரின் படைப்பு வாழ்வை மதிப்பிட இக்கட்டுரை முயல்கிறது.

மேடையில் உருவான எழுத்து

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த பாலசந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தபின், சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். பகலில் அலுவலகம், மாலையில் நாடகம் என்பதாக அமைந்த அவருடைய வாழ்க்கையிலிருந்தே ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘எதிர்நீச்சல்’ முதலிய மேடை நாடகங்கள் பிறந்தன. மாதச் சம்பளத்தில் வாழும் நடுத்தர வர்க்கத்தின் கணக்கு வழக்குகள் அவருக்கு வெளியிலிருந்து அறிந்த செய்திகள் அல்ல.

சபா மேடை அவருக்கு இரு கட்டுப்பாடுகளை விதித்தது. ஒன்று இடம், மற்றொன்று திரை விழும் கணம். ‘நீர்க்குமிழி’யின் களம் ஒரு மருத்துவமனை. ‘எதிர்நீச்சல்’ பல குடித்தனங்கள் வாழும் ஒரே வீட்டில் நிகழ்வது. அதன் நாயகன் மாதுவுக்கு அவ்வீட்டின் மாடிப்படியடியே இருப்பிடம். களம் குறுகியதால் உரையாடல் கூர்மை பெற்றது. மேடைத்திரை எக்கணத்தில் விழவேண்டும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே தேர்ந்தாக வேண்டியிருந்தது. நிகழ்வு முற்றுப்பெறும் இடத்தினும் வினா உச்சம் பெறும் இடத்தைத் தேரும் பயிற்சி அங்குதான் அவருக்கு வாய்த்தது எனலாம்.

1964-இல் பி. மாதவன் இயக்கிய ‘தெய்வத்தாய்’ படத்திற்கு அவர் உரையாடல் எழுதினார். அதே ஆண்டில் அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ நாடகம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று. அடுத்த ஆண்டே ‘நீர்க்குமிழி’ வழி அவர் இயக்குநரானார். இம்மாற்றத்தால் எழுத்தாளர் மறைந்துவிடவில்லை. ‘அவர்கள்’ (1977) படத்தில் ஜனார்த்தனன் தன் வாயால் கூற இயலாத காதலை அவன் கையிலுள்ள பொம்மை ஜூனியர் பேசுகிறது. நாடகப் பாத்திரம் அவையோரை நோக்கிக் கூறும் தனிமொழியே இங்குப் பொம்மை வடிவில் திரைக்கு வந்துள்ளது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்ட ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) படத்திற்காகப் பாலசந்தர் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதைப் பெற்றார். பிறர் எழுதிய நாடகத்தை எடுத்தாண்டபோதும் அவருடைய தனித்திறன் எழுத்திலேயே அடையாளம் காணப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

திரையில் நிறுத்தம்

‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) என்னும் தலைப்பே அவருடைய கதைமுறைக்கு விளக்கமாக அமைகிறது. குடும்பம் முழுவதையும் தன் சம்பளத்தால் தாங்கும் கவிதா, மணவாழ்வு கைகூடும் வேளையில் அதனைத் துறந்து மீண்டும் அலுவலகத்திற்குச் செல்கிறாள். இதனைத் தியாகத்தின் போற்றுதலாகக் கொள்வோர் உண்டு. பெண் உழைப்பைச் சுரண்டும் குடும்பத்தின் மீதான குற்றச்சாட்டாகக் கொள்வோரும் உண்டு. அவள் துயரத்தில் அழிவதாகவோ இன்பத்தில் நிறைவதாகவோ படம் காட்டியிருப்பின் பார்வையாளர் மனநிறைவோடு எழுந்து சென்றிருப்பர். நாளையும் அவள் வேலைக்குச் செல்வாள் என்று காட்டியதே அவர்களைத் தொல்லைப்படுத்துகிறது. இக்கதையைத் தெலுங்கில் ‘அந்துலேனி கத’ (1976) என்றும், கன்னடத்தில் ‘பெங்கியல்லி அரளித ஹூவு’ (1983) என்றும் அவரே மீண்டும் படமாக்கினார். தமிழில் ‘தொடர்கதை’யாக இருந்தது தெலுங்கில் ‘முடிவற்ற கதை’யாகவும், கன்னடத்தில் ‘நெருப்பில் மலர்ந்த பூ’வாகவும் பெயர் பெற்றது. முதல் இரு தலைப்புகள் நிலைமையைச் சுட்டுகின்றன. மூன்றாவது தலைப்பு அந்நிலைமைக்கு ஓர் அழகை ஏற்றிவிடுகிறது. மேற்கூறிய இரு வாசிப்புகளுக்கும் இடமளிக்கும் இருபொருள்தன்மை படைப்பாளரிடமே இருந்தது என்பதற்கு இத்தலைப்புகள் சான்றாகும்.

‘அபூர்வ ராகங்கள்’ (1975) இன்னும் தெளிவான சான்று. தந்தை மகளையும் மகன் தாயையும் விரும்பினால் உறவுமுறை யாதாகும் என்னும் விடுகதை இப்படத்தின் மையம். இது வேதாளக் கதை மரபிலிருந்து வருவது. அம்மரபில் விக்கிரமாதித்தன் விடை கூறுந்தோறும் வேதாளம் மரமேறிக்கொள்ள, கதை தொடர்கிறது. இந்த இறுதி வினாவிற்கு மட்டும் அரசன் விடையின்றி மௌனம் காக்கிறான். கதைத்தொடரும் அத்துடன் நிற்கிறது. விடை கூறினால் கதை நீளும்; விடையற்ற இடத்தில் நிற்கும். பாலசந்தரின் படமும் அவ்விடுகதைக்கு விடை கூறவில்லை. தந்தையும் மகனும் ஒருபுறமும், தாயும் மகளும் மறுபுறமும் இணைவதோடு நிற்கிறது. இதனை மரபிடம் சரணடைதல் என்பர் சிலர். எனினும், வினாவை எழுப்பிய பின்னர் அது எழவேயில்லை எனப் படம் கூறவில்லை. உறவுகள் பழைய நிலைக்கு மீள்கின்றன. அவ்வுறவுகளைப் பற்றிய ஐயம் மீளவில்லை.

தொலைக்காட்சியில் தொடர்ச்சி

1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வெளிவந்த ‘இரயில் சினேகம்’ முதலாகப் பாலசந்தர் தொலைக்காட்சிக்குள் நுழைந்தார். ‘கையளவு மனசு’, ‘பிரேமி’, ‘அண்ணி’ முதலிய தொடர்கள் பின்னர் வந்தன. திரையில் புகழ்பெற்ற இயக்குநர் ஒருவர் சின்னத்திரையைத் தாழ்வாகக் கருதாது ஏற்றமை, தமிழ்த் தொலைக்காட்சித் தொடருக்கு மதிப்பைத் தேடித்தந்தது. திரைப்படத்தில் ஓரிரு காட்சிகளோடு மறையும் துணைப்பாத்திரங்களுக்கும் விரிந்த வாழ்வை அளிக்கும் வாய்ப்பு அவருக்கு இங்குக் கிடைத்தது.

ஆயினும், தொடரின் இயல்பு அவருடைய கலையின் அடித்தளத்தையே சோதித்தது. மேடையில் ஒருமுறை விழும் திரை, தொடரில் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் விழுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். அடுத்த பகுதி அதற்கு விடை கூறியாக வேண்டும். விக்கிரமாதித்தன் ஓயாது விடையளிக்கும் வடிவம் இது. மௌனத்திற்கு இதில் இடமில்லை.

‘சிந்து பைரவி’ (1985) படத்தின் தொடர்ச்சியாக 2003-இல் ஜெயா தொலைக்காட்சியில் வெளிவந்த ‘சஹானா’ இச்சிக்கலை நேரடியாக முன்வைக்கிறது. இசைக் கலைஞர் ஜே.கே.பி.யின் குழந்தையை ஈன்ற சிந்து, அக்குழந்தையை அவர் மனைவி பைரவியிடம் ஒப்படைத்துவிட்டு விலகிச் செல்வதோடு திரைப்படம் நிற்கிறது. அவள் எங்குச் சென்றாள், எவ்வாறு வாழ்ந்தாள் என்பன பார்வையாளரிடம் விடப்பட்ட வினாக்கள். ‘சஹானா’ அக்கதையைத் தொடரும்போது, அவ்வினாக்களுக்கு விடை தேடும் பொறுப்பு பார்வையாளரிடமிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது.

தொடர்ச்சி என்பது எப்போதும் இழப்பே எனக் கூறுவதும் பொருந்தாது. தமிழ் மரபு இதற்கு மறுப்பாக நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் கதைத்தொடர்ச்சியாக மணிமேகலை அமைகிறது. இரண்டும் இரட்டைக் காப்பியங்கள் எனப் போற்றப்படுகின்றன. கோவலன், கண்ணகி, மாதவி என்னும் மூவர் கதையில் எஞ்சியிருந்த குழந்தையே அடுத்த காப்பியத்தின் தலைவி. ஒருவனும் இரு பெண்களும், இசையும், ஒரு குழந்தையும் என்னும் வகையில் ‘சிந்து பைரவி’யின் அமைப்பும் இதனை நினைவூட்டுகிறது. ஆனால் மணிமேகலை, மாதவியின் வாழ்வு பின்னர் என்னவாயிற்று எனச் சொல்வதோடு அமையவில்லை. குடும்பத்திற்குள் எழுந்த சிக்கலைப் பசி, பிறப்பு, துறவு என்னும் வேறு தளத்திற்கு அது கொண்டுசெல்கிறது. வினாவின் தளத்தை மாற்றும் தொடர்ச்சி புதுப் படைப்பாகிறது. அதே தளத்தில் விடைகளை அடுக்கும் தொடர்ச்சி முந்தைய படைப்பின் வலிமையைக் குறைக்கிறது. ‘சஹானா’ உள்ளிட்ட தொடர்களை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் இதுவேயாகும். நாள்தோறும் நீளும் தொடர் வடிவம் இரண்டாவது வகைக்கே படைப்பாளரை மீண்டும் மீண்டும் ஈர்க்கிறது. ஏற்கெனவே நிறுத்தத்தில் தேர்ந்த ஒருவருக்கு இவ்வீர்ப்பினால் நேரும் இழப்பு மிகுதி.

முடிவுரை

2010-ஆம் ஆண்டிற்கான தாதாசாகேப் பால்கே விருது பாலசந்தருக்கு வழங்கப்பட்டது. 2014 டிசம்பர் 23-இல் அவர் மறைந்தார். மீறியவரா, பணிந்தவரா என்னும் வழக்கு அவர் மறைவோடு முடிந்துவிடவில்லை. அவருடைய கதைகளின் இறுதிக் காட்சியை மட்டும் தீர்ப்பாகக் கொள்ளும்வரை அது முடியவும் முடியாது. கதையை எங்கு நிறுத்துவது என்பதை அறிந்ததே அவருடைய ஆற்றல். அந்நிறுத்தத்தை அவருக்குக் கற்பித்தது மேடை. அதனைப் பரவலாக்கியது திரை. அதனை நெகிழச் செய்தது தொலைக்காட்சி. எனவே அவருடைய படைப்பு வாழ்வைச் சிறிய ஊடகத்திலிருந்து பெரிய ஊடகத்திற்கான வளர்ச்சியாகவோ, பெரியதிலிருந்து சிறியதற்கான வீழ்ச்சியாகவோ காண்பது பொருந்தாது. ஒரே எழுத்து மூவகைக் காலக் கட்டுப்பாடுகளைச் சந்தித்த வரலாறாகவே அதனைக் காணவேண்டும்.

இவ்வரலாறு முழுமையாக எழுதப்பட வேண்டுமாயின், நாடகப் பிரதி, திரைக்கதை, தொடர்களின் எழுத்துப்படி ஆகிய மூன்றும் தொகுக்கப்பட்டு ஒப்புநோக்கப்பட வேண்டும். ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுப் பழகிய தமிழ்த்துறைகளுக்கு இப்பணி புதியதன்று. நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாகக் கற்பிக்கும் துறைகள், அதன் வழிவந்த திரை எழுத்தையும் தொடர் எழுத்தையும் தம் ஆய்வெல்லைக்குள் கொள்வது முறையாகும்.